ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம்

அல்பேனியா என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை இரண்டு: அன்னை தெரசா பிறப்பால் அல்பேனியர், அந்த நாட்டை என்வர் ஹோஜா என்பவர் நாற்பது ஆண்டுகள் பூட்டி வைத்திருந்தார். இந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு சின்ன ஊரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஊரின் பெயர் பெர்மெட். தெற்கு அல்பேனியாவில், கிரேக்க எல்லைக்கு அருகே, வியோசா ஆற்றங்கரையில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி ஊருக்குள் வசித்தவர்கள் ஏறத்தாழ 6,000 பேர்தான்.

முதலில் ஆற்றைச் சொல்லிவிடுகிறேன். வியோசா கிரேக்கத்தின் பிந்துஸ் மலையில் பிறக்கிறது. அங்கே அதற்குப் பெயர் அவூஸ். மொத்த நீளம் 272 கிலோமீட்டர். முதல் 80 கிலோமீட்டர் கிரேக்கத்தில் ஓடி, பிறகு அல்பேனியாவுக்குள் நுழைந்து, அட்ரியாட்டிக் கடலில் கலக்கிறது. பெர்மெட்டை ஒட்டி அது போகும்போது ஒரு பக்கம் நெமெர்ச்கா மலைத்தொடர் 2,400 மீட்டருக்கு மேல் சுவர்போல நிற்கும். ஆற்றோரத்தில் தனியாக ஒரு பெரும்பாறை உண்டு. ஊர்க்காரர்கள் அதை நகரத்துக் கல் என்றே சொல்கிறார்கள். ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை ரோஜா, திராட்சை ரசம், ராக்கி சாராயம், அப்புறம் க்ளிக்கோ. பிஞ்சு வால்நட்டையும் பிஞ்சு அத்தியையும் முழுசாகச் சர்க்கரைப் பாகில் போட்டுப் பதப்படுத்துவதுதான் க்ளிக்கோ. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு ஒரு சின்னத் தட்டில் அதை ஒரு கரண்டி வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைப்பார்கள்.

இவ்வளவு இனிப்பான ஊரின் பிள்ளைகள் எங்கே, எந்த மொழியில் படித்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் புரிந்துகொண்ட வரை, பெர்மெட்டின் கல்வி வரலாற்றில் பெரும்பகுதி பெர்மெட்டுக்கு வெளியேதான் நடந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்மெட், ஒட்டோமான் பேரரசின் யானினா மாகாணத்தில் ஒரு வட்டத்தின் தலைமை ஊர். அந்தப் பேரரசு குடிமக்களைப் பேசும் மொழியை வைத்துப் பிரிக்கவில்லை, கும்பிடும் சாமியை வைத்துப் பிரித்தது. வீட்டில் எல்லோரும் பேசியது அல்பேனியம். ஆனால் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை படிக்கப் போனால் துருக்கியும் அரபியும். பக்கத்து வீட்டு ஆர்த்தடாக்ஸ் கிறித்தவப் பிள்ளை போனால் கிரேக்கம். ஒரே தெருவில் ஒரே மொழியில் கோலி விளையாடிய இரண்டு பையன்கள், காலையில் இரண்டு வேறு மொழிகளில் எழுதக் கற்றுக்கொண்டார்கள். இரண்டுமே அவர்கள் அம்மா பேசிய மொழி இல்லை. அல்பேனியத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் பள்ளிக்குப் பேரரசு இடம் கொடுக்கவில்லை. முஸ்லிம்கள் எல்லோரும் துருக்கியர், ஆர்த்தடாக்ஸ் எல்லோரும் கிரேக்கர் என்ற கணக்கில் அல்பேனியர் என்றொரு பத்தியே கிடையாது. அந்தக் கணக்கு சுல்தானுக்கும் வசதி, கிரேக்கத் திருச்சபைக்கும் வசதி.

பெர்மெட்டுக்குக் கிழக்கே, மலைக்குள் ஃபிராஷெர் என்று ஒரு கிராமம். அந்த வட்டத்தைச் சேர்ந்ததுதான். அங்கே பெக்தாஷி சூஃபிகளின் மடம் ஒன்று இருந்தது, தெக்கே என்பார்கள். அந்தக் கிராமத்தில் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் மூன்று சகோதரர்கள்: 1839இல் அப்தில், 1846இல் நயீம், 1850இல் சாமி. அல்பேனியாவில் இவர்களுடைய பெயரில் பள்ளியோ தெருவோ இல்லாத நகரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நயீமின் முகம் 200 லெக் நோட்டில் இருக்கிறது.

நயீம் சிறுவனாகப் பாரசீகம் படித்தது அந்த மடத்தில். பெற்றோர் காலமானபின், 1865 வாக்கில், குடும்பம் யானினாவுக்குக் குடிபெயர்ந்தது. யானினா இன்று கிரேக்கத்தில் இருக்கிறது. அன்று அது மாகாணத் தலைநகர். அங்கே ஸொசிமயா என்ற புகழ்பெற்ற கிரேக்கப் பள்ளியில் நயீமும் சாமியும் சேர்ந்தார்கள். யோசித்துப் பாருங்கள், முஸ்லிம் வீட்டுப் பையன்கள், கிரேக்க உயர்நிலைப் பள்ளியில். பழைய கிரேக்கம், புதிய கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு எல்லாம் அங்கே கிடைத்தன. கூடவே துருக்கியும் பாரசீகமும் அரபியும் தெரியும். இத்தனை மொழிகளுக்கு நடுவே பாடமாக இல்லாத ஒரே மொழி வீட்டு மொழி.

பள்ளி முடிந்ததும் பேரரசு வேலை கொடுத்தது. நயீம் சரந்தா துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தார். பிறகு இஸ்தான்புல்லில் நூல் தணிக்கைக் குழுவில் உத்தியோகம். சாமி பத்திரிகையாளர், நாவலாசிரியர், அகராதிக்காரர். துருக்கி மொழிக்கு நவீன முறையில் எழுதப்பட்ட பேரகராதியான காமூஸ்-இ துர்க்கியை 1901இல் வெளியிட்டவர் சாமிதான். அதற்கு முன்பே ஆறு தொகுதிகளில் ஒரு வரலாற்று, புவியியல் கலைக்களஞ்சியமும் துருக்கியில் எழுதி முடித்திருந்தார். துருக்கியர் அவரைத் தங்கள் மொழி அறிஞராகக் கொண்டாடுகிறார்கள். அல்பேனியர் தங்கள் தேசியத்தின் சிற்பி என்கிறார்கள். ஏதாவது ஒரு பக்கம் அவர் நடித்தார் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேரரசின் தலைநகரில் இருந்தபடி இரண்டு மொழிகளுக்கும் உழைக்க முடியும் என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பியிருக்க வேண்டும். நம்பாமல் ஒருவர் ஆறு தொகுதி எழுதமாட்டார்.

1879 அக்டோபரில் இஸ்தான்புல்லில் அல்பேனிய நூல்களை அச்சிடுவதற்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்கென்று சாமி ஓர் எழுத்து வரிசை அமைத்தார்: 36 எழுத்துகள், ஒரு ஒலிக்கு ஓர் எழுத்து. லத்தீன் எழுத்துகளே அடிப்படை. போதாத இடத்தில் கிரேக்கத்திலிருந்து சில, புதிதாக வரைந்தவை சில. பேரரசுக்குள் அச்சிட வழியில்லாமல் போனபோது வேலை ருமேனியாவின் புக்கரெஸ்டுக்கு மாறியது. அங்கே பிழைக்கப் போன அல்பேனிய வணிகர்கள் காசு கொடுத்தார்கள்.

1886ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாமி ஓர் அரிச்சுவடி எழுதுகிறார்; ஓர் இலக்கணம் எழுதுகிறார். நயீம் பையன்களுக்கு ஒரு வாசகப் புத்தகமும், தொடக்கப்பள்ளிக்கான பாட்டுப் புத்தகமும், ஒரு பொது வரலாறும் எழுதுகிறார். எல்லாம் அதே ஆண்டில், புக்கரெஸ்டில் அச்சாகிறது. 1888இல் நயீமின் அறிவியல் புத்தகம், சாமியின் புவியியல் புத்தகம். ஆக, ஒரு பிள்ளை அகரம் தொடங்கி உலகப்படம் வரை படிக்கத் தேவையான மொத்தப் புத்தகக் கட்டையும் ஒரே கிராமத்து அண்ணனும் தம்பியும் எழுதி முடித்துவிட்டார்கள். நயீம் அரசு ஊழியர் என்பதால் புத்தகங்களில் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டுக்கொண்டார். பகலில் தணிக்கை அதிகாரி, இரவில் தணிக்கைக்கு அகப்படாத நூல்களின் ஆசிரியர்.

இதில் என்னை வியக்க வைப்பது வேறொன்று. 1886இல் அந்தப் பாடப்புத்தகங்கள் எழுதப்பட்டபோது அவற்றைப் படிக்க ஒரு பள்ளிக்கூடம்கூட இல்லை. பொதுவாகப் பள்ளி வரும், பிறகு பாடநூல் வரும். இங்கே தலைகீழ்.

பள்ளி 1887 மார்ச் 7 அன்று திறந்தது. பெர்மெட்டில் இல்லை, மலைகளைத் தாண்டி வடகிழக்கே உள்ள கொர்ச்சா நகரத்தில். அனுமதி வாங்கித் தர இஸ்தான்புல்லில் நயீம் அலைந்திருக்கிறார். முதல் ஆசிரியர் பந்தேலி சோதிரி. முஸ்லிம் பிள்ளைகளும் கிறித்தவப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்; எதிர்ப்பு கிளம்ப அது ஒன்றே போதுமானதாக இருந்தது. இன்றும் அல்பேனியாவில் மார்ச் 7 ஆசிரியர் தினம். நான்கு ஆண்டு கழித்து, 1891இல், அதே கொர்ச்சாவில் பெண் பிள்ளைகளுக்கான பள்ளியும் வந்தது. அதை நடத்திய செவாஸ்தி சிரியாசி இஸ்தான்புல்லின் அமெரிக்க மகளிர் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர். ஆண்கள் பள்ளியை 1902இல் அரசு ஒரேயடியாக மூடிவிட்டது.

ஊர்ப்புறத்தில் கதை இன்னும் கடுமை. பெர்மெட்டுக்கு அடுத்த மலைநாடு கொலோன்யா. அங்கே லுவராஸ் கிராமத்தைச் சேர்ந்த பெத்ரோ நினி லுவராசி என்ற ஆசிரியர் கிராமம் கிராமமாகப் போய் அல்பேனியப் பள்ளி தொடங்கிக்கொண்டிருந்தார். 1892இல் கஸ்தோரியாவின் கிரேக்க ஆயர் பிலாரெத்தோஸ் ஒரு சுற்றறிக்கை விட்டார்: அல்பேனியப் பள்ளி நடத்துபவர்களும் அதற்குப் பிள்ளைகளை அனுப்புபவர்களும் திருச்சபைக்குப் புறம்பானவர்கள். அரிச்சுவடி படித்தால் சாபம்! அந்தச் சாபத்துக்கு லுவராசி ஒரு புத்தகமாகவே பதில் எழுதினார். அது 1911இல் அச்சில் வந்தது. அதே ஆண்டில் அவர் இறந்தார், விஷம் வைக்கப்பட்டார் என்றே அங்கே சொல்கிறார்கள். 1905இல், இன்றைய வட கிரேக்கத்தில் இருக்கும் நெகோவான் என்ற ஊரில், பாதிரியார் கிறிஸ்தோ நெகோவானி அல்பேனிய மொழியில் வழிபாடு நடத்தியதற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். புத்தகம் வைத்திருப்பது அப்போது வெறும் பொழுதுபோக்கு இல்லை. கோவேறு கழுதைக்காரர்கள் சரக்கு மூட்டைக்குள் ஒளித்துவைத்துத்தான் புக்கரெஸ்ட் அச்சுப் பிரதிகளை மலைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

எழுத்துச் சண்டையை ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 1908 நவம்பர் 14 முதல் 22 வரை மொனாஸ்டிர் நகரத்தில், இன்றைய வட மாசிடோனியாவின் பித்தோலாவில், ஒரு மாநாடு. தலைமை வகித்தவர் மித்ஹத் ஃபிராஷெரி, அப்திலின் மகன். சாமியின் எழுத்து வரிசை குடும்பச் சொத்து மாதிரி. அதற்கே ஓட்டுப் போட்டுவிடலாம். ஆனால் அதிலிருந்த விசேஷ எழுத்துகளை எல்லா அச்சகங்களிலும் வார்க்க முடியாது. எந்த ஐரோப்பிய அச்சகத்திலும் உள்ள ஈய எழுத்துகளை வைத்தே அடிக்கக்கூடிய, இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஒரு ஒலி காட்டும் முழு லத்தீன் முறைதான் கைக்கு எளிது. மாநாடு இரண்டையும் ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகளில் சாமியின் முறை தானாகவே மறைந்தது. சித்தப்பாவின் எழுத்தை அண்ணன் மகன் தலைமையேற்ற கூட்டமே ஓய்வுக்கு அனுப்பத் தொடங்கியது. பிடிவாதம் பிடிக்காமல் விட்டுக்கொடுத்த அந்தக் குணம் எனக்குப் பிடித்திருக்கிறது. மறு ஆண்டு டிசம்பர் 1 அன்று எல்பசான் நகரத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தது. அதன் முதல் தலைவர் லுயிஜ் குராகுச்சி. 1912இல் நாடு விடுதலை அறிவித்தபோது அவரே முதல் கல்வி அமைச்சர்.

விடுதலைக்குப் பிறகு வந்த பத்து ஆண்டுகளைப் பெர்மெட் மறந்துவிடத்தான் விரும்பும். கிரேக்கப் படை, தன்னாட்சி கேட்ட ஆயுதக் கும்பல், பிறகு இத்தாலியப் படை என்று மாறி மாறி வந்தார்கள். மலைக் கிராமங்கள் எரிந்தன. ஒவ்வொரு படையும் வரும்போது முதல் வேலையாகப் பள்ளியின் பாடமொழியை மாற்றப் பார்த்தது. மன்னர் ஸோக் காலத்தில், 1933இல், தனியார் பள்ளிகள் எல்லாம் மூடப்பட்டு அரசுப் பள்ளி மட்டுமே நிலைத்தது. இதில் தெற்கே இருந்த கிரேக்கச் சிறுபான்மையினரின் பள்ளிகளும் சேர்ந்து போயின; வழக்கு ஹேக் நகரத்துப் பன்னாட்டு நீதிமன்றம் வரை போய், 1935 ஏப்ரலில் அல்பேனியா செய்தது தவறு என்று நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள். சொந்த மொழிப் பள்ளிக்காக அவ்வளவு அடிபட்ட ஒரு சமூகம், அதிகாரம் கைக்கு வந்ததும் பக்கத்து ஊர்க்காரன் பள்ளியை மூடியது. இதை அல்பேனிய நண்பர்கள் அவ்வளவாகப் பேச விரும்புவதில்லை. நாம் பேசிவிடலாம்.

1940 அக்டோபரில் இத்தாலி அல்பேனியா வழியாகக் கிரேக்கத்தின் மேல் படையெடுத்தது. கிரேக்கர் திருப்பி அடித்து டிசம்பர் தொடக்கத்தில் பெர்மெட்டைப் பிடித்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க வியோசா பள்ளத்தாக்கு போர்முனையாக இருந்தது. அடுத்து ஜெர்மானியர். போர் முடிவதற்குள் ஊர் பலமுறை எரிந்துவிட்டது. அந்தச் சிதைந்த ஊரில்தான் 1944 மே 24 அன்று பாசிச எதிர்ப்பு மாநாடு கூடியது. மன்னர் திரும்பி வரக்கூடாது என்று தீர்மானம் போட்டு, ஹோஜாவின் தலைமையில் தற்காலிக அரசுக்கு அடித்தளம் போட்டார்கள். பிறகு வந்த கம்யூனிஸ்ட் அரசின் சின்னத்தில், இரட்டைத் தலைக் கழுகுக்குக் கீழே, 24 மே 1944 என்று அந்தத் தேதி பொறிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக, நாட்டின் ஒவ்வொரு அரசுத் தாளிலும் பெர்மெட்டின் ஒரு நாள் இருந்தது.

புதிய அரசு எழுத்தறிவில் சாதித்ததைக் குறைத்துச் சொல்வது நியாயம் ஆகாது. போருக்கு முன் நாட்டில் ஐந்தில் நான்கு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1946இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. கூடவே பெரியவர்களுக்கு இரவுப் பள்ளி. 1950களின் நடுவில், 40 வயதுக்குட்பட்டவர்களிடம் எழுத்தறியாமையை ஒழித்துவிட்டதாக அரசு அறிவித்தது. அரசு தன்னைப் பற்றிச் சொல்லும் கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனாலும் பாட்டிகள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள் என்பது உண்மை.

அதற்குக் கொடுத்த விலையும் உண்மை. 1969 டிசம்பரில் வந்த கல்விச் சீர்திருத்தத்தின்படி மேல்நிலை மாணவனின் ஆண்டு இப்படிப் பிரிந்தது: ஆறரை மாதம் படிப்பு, இரண்டரை மாதம் வயலிலோ ஆலையிலோ உழைப்பு, ஒரு மாதம் ராணுவப் பயிற்சி, மிச்சம் விடுமுறை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே மசூதி, தேவாலயம், தெக்கே எல்லாவற்றையும் பூட்டியாயிற்று. நயீமின் கவிதை பாடத்தில் இருக்கும். நயீம் படித்த மடத்தின் கதவு மூடியிருக்கும். அவரை நாட்டுப்பற்றுக் கவிஞராக மட்டும் சொல்லித்தந்து, சூஃபி அடியாரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள்.

1972இல் எழுத்துமுறை மாநாடு ஒன்று கூடிப் பொது மொழியை முடிவு செய்தது. அது பெரும்பாலும் தெற்கத்தி வழக்கை, தோஸ்க் பேச்சை, ஒட்டியே அமைந்தது. பெர்மெட் பிள்ளைக்கு அதனால் சிரமம் குறைவு. வீட்டில் பேசுவதும் புத்தகத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்று. வடக்கே ஷ்கோதர் நகரத்துப் பிள்ளைக்கு அப்படியில்லை. அவன் தன் வடக்கத்தி வழக்கை, கெக் பேச்சை, வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்குள் போக வேண்டும். மொழிக்காக உயிர் கொடுத்த தெற்குக்குக் கிடைத்த பரிசா, ஆட்சியிலிருந்தவர்கள் தெற்கத்திக்காரர்கள் என்பதால் வந்த சலுகையா என்று அங்கே இன்னும் வாதம் ஓயவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பது என் எண்ணம்.

பள்ளிக்கூடம் கற்றுத்தராத படிப்பும் பெர்மெட்டில் உண்டு. கிளாரினெட், வயலின், லவுத்தா, கஞ்சிராபோல் ஒரு தோல்கருவி. இந்த நாலும் சேர்ந்தால் சாஸே என்ற குழு. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் வாசிப்பார்கள். காபா என்று ஒரு வகை இசை. கிளாரினெட் ஒப்பாரி வைக்கிற மாதிரியே இழுக்கும். அதில் பெரும்பெயர் பெற்றவர் பெர்மெட்டின் லவெர் பாரியு. 1929இல் பிறந்து 2014இல் மறைந்தார். இந்த வித்தை ஏட்டில் எழுதி வளர்ந்தது இல்லை; காதால் கேட்டு, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்து வந்தது.

எல்லையைப் பற்றிச் சொன்னேன். கம்யூனிஸ்ட் காலத்தில் ஆறு மட்டும் கிரேக்கத்திலிருந்து தடையில்லாமல் வந்தது, மனிதர் வரவோ போகவோ முடியாது. 1940இல் தொடங்கிய போர்நிலையைச் சட்டப்படி முடித்துக்கொள்வதாகக் கிரேக்க அரசு 1987இல்தான் அறிவித்தது. 1991இல் கதவு திறந்ததும் பள்ளத்தாக்கின் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக யானினாவுக்கும் ஏதென்ஸுக்கும் நடந்தார்கள். நயீமும் சாமியும் படிக்கப் போன அதே திசை. இவர்கள் போனது கட்டட வேலைக்கும் ஆலிவ் பறிக்கவும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளவும். பொறியாளரும் ஆசிரியரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

2023 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த மக்கள்தொகை 24 லட்சம். 2011இல் 28 லட்சம். இதன் முதல் அடி விழுவது மலைக் கிராமத்துப் பள்ளியில். ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் உட்கார்ந்திருக்கும். ஒரே ஆசிரியை ஒரு வரிசைக்குக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்கு வாசிப்புச் சொல்லித்தருவார். கூட்டு வகுப்பு என்று அதற்குப் பெயர். அல்பேனியாவில் முதல் வகுப்புப் பிள்ளைகள் அரிச்சுவடியை முடித்ததும் ஒரு விழா எடுப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் எழுத்தை நெஞ்சில் மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்து அந்த எழுத்தைப் பற்றி இரண்டு அடி சொல்லும். பெற்றோர் கைதட்டுவார்கள், கேக் வெட்டுவார்கள். எழுத்துகள் 36. பிள்ளைகள் குறைந்த வகுப்பில் ஒரு பிள்ளையே மூன்று நான்கு எழுத்துகளைச் சுமக்க வேண்டியதுதான்.

போகட்டும், ஊர் ஒரேயடியாகக் காலியாகிவிடவில்லை. வியோசாவில் அணை கட்டக்கூடாது என்று பல ஆண்டுகள் நடந்த போராட்டத்தின் விளைவாக, 2023 மார்ச் 15 அன்று ஆறும் அதன் கிளைகளும் காட்டாற்றுத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஐரோப்பாவில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் ஆறு இது. ரப்பர்ப் படகில் போக வருகிறவர்கள், பென்யா வெந்நீர் ஊற்றில் குளிக்க வருகிறவர்கள், க்ளிக்கோ வாங்க வருகிறவர்கள் என்று கோடையில் ஊரில் நல்ல கூட்டம். வழிகாட்டி வேலைக்கு ஆங்கிலமும் இத்தாலியமும் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். பெர்மெட் பிள்ளைகளுக்கு மறுபடியும் இன்னொருவர் மொழி சோறு போடுகிறது. இந்தமுறை அதைப் படிக்க அவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை என்பது மட்டும் வித்தியாசம். படித்தபின் இருப்பார்களா என்பதை அடுத்த கணக்கெடுப்பில் பார்ப்போம்.

எனக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மொனாஸ்டிர் எழுத்துச் சண்டையைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டியிருக்கும்.